தேசாதிபதி ஆதர் கோர்டனும் ஊவா மாகாணமும்: ஒரு மதிப்பீடு

ஊவா 1886இல் தனி மாகாணமாயிற்று என்பது இலங்கைச் சரித்திரம் பயிலும் மாணவர் அனைவரும் அறிந்த செய்தி. அதனைச் செய்தவர் தேசாதிபதி சேர் ஆதர் ஹமில்ற்றன் கோர்டன் என்பதும் பலர் அறிந்ததே. ஆயினும், அம் மாகாணம் பிறந்த காலத்தில் அதன் வயலில் நின்றவன் எந்நிலையில் இருந்தான், அதன் மலைச்சரிவில் தேயிலைக் கன்று நட்டவன் எந்நிலையில் இருந்தான் என்னும் வினாக்கள் அதிகம் எழுப்பப்பட்டதில்லை. ஓர் ஆட்சியாளனை அவன் வகுத்த எல்லைக்கோடுகளைக் கொண்டு மட்டும் அளப்பது எளிது. அக்கோடுகளுக்குள் வாழ்ந்த மக்களைக் கொண்டு அளப்பதே முறை. அம்முறையில் கோர்டனின் பதவி வாழ்வை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோர்டன் 1829இல் பிறந்தவர். 1852 முதல் 1855 வரை பிரித்தானியப் பிரதம மந்திரியாக விளங்கிய அபர்டீன் பிரபுவின் இளைய புதல்வர், கிளாட்ஸ்ரனின் நண்பர். 1861இல் நியூ பிரன்சுவிக்கில் தொடங்கிய அவர் ஆட்சிப்பணி, திரினிடாட், மொரிசியஸ், பீஜி, நியூசீலாந்து என்னும் நாடுகளைச் சுற்றி வந்து, 1883இன் இறுதியில் இலங்கையை அடைந்தது. 1890இல் இங்கேயே முடிவுற்றது. பின்னர் ஸ்ரான்மோர் பிரபு எனப் பட்டம் பெற்று, 1912இல் மறைந்தார். அவர் வரலாற்றை ஜே. கே. சப்மன் 1964இல் ஒரு தனி நூலாக வெளியிட்டுள்ளார். தேசாதிபதிகள் பலர் பதவிக்காலம் முடிந்ததும் மறக்கப்பட்டு விடுகின்றனர். கோர்டன் மறக்கப்படாமைக்குக் காரணம் உண்டு. 'சுதேச மக்களின் காவலர்' என்னும் பெயரை அவர் ஈட்டியிருந்தார். அப்பெயர் எவ்வளவு பொருந்தும் என்பதே இங்கு ஆராயற்பாலது.

அப்பெயர் வெறும் முகமன் அன்று. 1866 முதல் 1870 வரை திரினிடாட்டில் ஆண்ட காலத்தில், முடிக்குரிய நிலங்களைச் சிறு உழவரும் வாங்கத்தக்க விலைக்குத் திறந்துவிட்டார். ஒப்பந்தக் காலம் முடித்த இந்தியத் தொழிலாளர், தாயகம் திரும்பும் கப்பற் பயணத்துக்கு ஈடாக நிலம் பெறவும் வழி செய்தார். 1871இல் மொரிசியசை அடைந்தபோது அங்கு நிலைமை வேறாக இருந்தது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தம் முடித்து வெளியேறிய இந்தியர், அனுமதிச் சீட்டு இல்லையென்னும் குற்றத்திற்காகத் தெருவில் வளைத்துப் பிடிக்கப்பட்டனர். அவ்வாண்டிலேயே அடோல்ப் தே பிளெவிற்ஸ் என்பவர் 9,401 இந்தியர் ஒப்பமிட்ட முறையீட்டுப் பத்திரம் ஒன்றைத் தேசாதிபதியிடம் கையளித்தார். தோட்டமுதலாளிகள் கொதித்தெழுந்தனர். கோர்டன் அவர்கள் பக்கம் சாயவில்லை. விசாரணைக்கு ஆதரவாக நின்றார். அதன் பயனாக 1872இல் அரச ஆணைக்குழு அத்தீவுக்கு வந்தது. தன் இனத்தவரான துரைமாரின் பகையைத் தேடிக்கொண்டு கூலிமக்களின் குறையைக் கேட்ட தேசாதிபதி அக்காலத்தில் அரியர். இதனை மறைப்பது நடுநிலைமை ஆகாது.

அவர் புகழின் உச்சி பீஜித் தீவுகளே. அங்கு 1875இல் முதலாவது நிரந்தரத் தேசாதிபதியாகச் சென்றார். அதற்குச் சற்று முன்னரே சின்னமுத்து நோய் பரவி, அத்தீவு மக்களில் ஏறக்குறைய நாலிலொரு பங்கினரை வாரிச் சென்றிருந்தது. எஞ்சிய மக்களைத் தோட்டக் கூலியாக்கினால் அவ்வினமே அழிந்துபோம் எனக் கோர்டன் கண்டார். சுதேசிகளின் நிலம் அந்நியருக்கு விற்கப்படலாகாது என்னும் கொள்கையை நிலைநாட்டினார். குலத்தலைவர் பேரவையைக் கூட்டினார். அவர்கள் வழியே ஆட்சி நடத்தினார். 1876இல் அவர் வகுத்த வரிமுறை சிறப்பாக நோக்கத்தக்கது. பீஜியர் வரியைப் பணமாகச் செலுத்த வேண்டியதில்லை. தம் நிலத்தில் விளைந்த பொருளாகவே செலுத்தலாம். மாவட்டந்தோறும் அளவு குறிக்கப்பட்டது. ஊர்மக்கள் கூடி விளைவித்துக் கொடுத்தனர். அரசாங்கம் அதனை விற்று வரித்தொகை போக மிஞ்சியதை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தது. இதன் கருத்து யாது? பணவரி விதித்தால், பணமில்லாதவன் கூலிக்குப் போகவேண்டும், அன்றிக் கடன்பட வேண்டும். இரண்டிலும் அவன் தன் நிலத்தையும் ஊரையும் இழப்பான். இவ்வுண்மையைக் கோர்டன் தெளிவாக உணர்ந்திருந்தார்.

இவ்விடத்தில் இன்னொன்றும் சொல்லப்படல் வேண்டும். பீஜியரைத் தோட்டத்திலிருந்து காத்த கோர்டன், தோட்டம் வேண்டாமென்று சொல்லவில்லை. தோட்டத்துக்கு ஆள் வேண்டும். ஆளை இந்தியாவிலிருந்து கொணர்ந்தார். 1879 மே மாதம் 'லியோனிடாஸ்' என்னும் கப்பல் முதலாவது ஒப்பந்தத் தொழிலாளரை அங்கு இறக்கிற்று. 1916 வரை அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் சென்றனர். 1903க்குப் பின்னர் சென்னைத் துறைமுகத்தின் வழியே தமிழரும் தெலுங்கரும் திரளாகப் போயினர். ஒரு மக்களின் நிலத்தைக் காப்பதற்கு விலையாக இன்னொரு மக்களின் உழைப்பு வைக்கப்பட்டது. வந்தவர் உழைக்கலாம், நிலத்துக்கு உரியவராகலாகாது. காத்தலும் பிரித்தலும் கோர்டனின் ஆட்சியில் ஒரே செயலின் இரு முகங்களாக அமைந்தன. இலங்கையில் அவர் செய்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இது திறவுகோலாகும்.

கோர்டன் கொழும்பில் இறங்கியபோது நாடு நலிந்திருந்தது. கோப்பியை அழித்த இலைநோய் 1869இல் ஊவாவின் மடுல்சீமைத் தோட்டமொன்றிலேயே முதன்முதற் காணப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுள் அது மலைநாடெங்கும் பரவிற்று. தோட்டங்கள் கைவிடப்பட்டன, சம்பளம் காணாத தொழிலாளர் வந்த வழியே திரும்பி நடந்தனர். 1884 மே மாதம் ஓரியன்றல் வங்கி முறிந்தது. அவ்வங்கியின் தாள்களே நாட்டில் பெரும்பாலும் பணமாக வழங்கின. அத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று கோர்டன் இலண்டனின் அனுமதிக்குக் காத்திராமல் அறிவித்தார். அத்துணிவு நாட்டைப் பெருங்குழப்பத்திலிருந்து காத்தது. அவர் இலங்கையிற் செய்த சிறந்த செயல் இதுவே எனலாம்.

வேறு நற்செயல்களும் உள. காலவாவி அவர் காலத்திற் புதுப்பிக்கப்பட்டது. 1885இல் வெசாக் தினம் பொது விடுமுறையாக்கப்பட்டது. 1889இல் சட்டநிரூபண சபையில் கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி இடம் அளிக்கப்பட்டது. 1886இல் ஊவாவும் 1889இல் சப்பிரகமுவையும் மாகாணங்களாயின. மத்திய மாகாணத்தின் மூலையில் ஒதுங்கிக் கிடந்த ஊவாவுக்குப் பதுளையில் தனிக் கச்சேரியும் தனி அரசாங்க அதிபரும் கிடைத்தமை அந்நாட்டுக்கு நன்மையே. 1817-18ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய படைகள் எரித்தும் அழித்தும் போன பின்னர், ஊவா நெடுங்காலம் நிமிரவில்லை. வெலிமடைக்கு அருகேயுள்ள ஊர் இன்று கெப்பிட்டிப்பொல என்று அழைக்கப்படுவது, அக்கிளர்ச்சித் தலைவனை மக்கள் மறவாமைக்குச் சான்று. அறுபத்தெட்டு ஆண்டுகளின் பின்னராயினும் அந்நாட்டுக்குத் தனி ஆட்சியமைப்பு வழங்கியதைப் பாராட்டலாம்.

ஆனால் கச்சேரி கட்டுவது ஒன்று. கச்சேரி என்ன செய்கின்றது என்பது வேறொன்று. அக்காலத்து மலைநாட்டுக் கிராமங்களைப் பொறுத்தவரை, கச்சேரியின் முதன்மையான தொழில் நெல்வரி தண்டுதல்.

வெலிமடையின் நிலவமைப்பைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். உமா ஓயாவின் படுகையிலும் அதன் கிளையாறுகளின் ஓரங்களிலும் படிப்படியாக வயல்கள். அவற்றுக்கு மேலே வீட்டுத்தோட்டமும் பற்றைக்காடும். அதற்கும் மேலே தேயிலை. நெல் கிராமத்தவன் உண்பதற்கு விளைந்தது, விற்பதற்கன்று. அவன் கையிற் பணம் புழங்கியது வீட்டுத்தோட்டத்திற் காய்த்த கோப்பியால். நெல்லில் பத்திலொன்று அரசுக்குரியது என்பது பழைய வழக்கு. அது பொருளாகக் கொடுக்கப்பட்டவரை, விளைந்த ஆண்டிற் கொடுப்பதும் விளையாத ஆண்டில் விடுபடுவதும் இயல்பாயின. 1878ஆம் ஆண்டின் 11ஆம் கட்டளைச் சட்டம் இந்நிலையை மாற்றிற்று. வரிக்குத்தகைக்காரரின் கொடுமையை ஒழிப்பதே அதன் நோக்கம் எனப்பட்டது. நோக்கம் நன்று. ஆனால் குத்தகைக்காரனுக்குப் பதிலாக மதிப்பீட்டு ஏடு வந்தது. வயலின் விளைவு மதிக்கப்பட்டு, அரசின் பங்கு பணமாகக் கணிக்கப்பட்டு, பெரும்பாலும் பல்லாண்டுக்கு ஒரே தொகையாக நிறுத்தப்பட்டது. தவறினால் வயல் ஏலத்துக்கு வரும்.

கோப்பி செழித்திருந்த நாளில் இச்சட்டம் அவ்வளவு கடுமையாகத் தோன்றவில்லை. கோப்பி பட்டதும் கிராமத்தவனின் பணம் வரும் வழி அடைந்தது. பணம் போகும் வழி அடையவில்லை. நுவரெலியா மாவட்டத்து வலப்பனையிலும் ஊடஹேவாஹெட்டையிலும், அவற்றை அடுத்த ஊவாவின் பகுதிகளிலும், வரி நிலுவைக்காக வயல்கள் விற்கப்பட்டன. சில்லறைத் தொகைக்காகத் தலைமுறை வயல் போயிற்று. ஊர்விட்டுச் சென்றோரும் பட்டினியால் நலிந்தோரும் பலர். நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் இத்துயரை அறிக்கைகளாக எழுதினார். ஜோர்ஜ் வோல் என்பவர் கொழும்பிலும் இங்கிலாந்திலும் இவ்வரிக்கு எதிராகக் கிளர்ச்சி நடத்தினார். கணக்குகளைப் பற்றி வாதப் பிரதிவாதம் நிகழ்ந்ததேயன்றி, வயல்கள் விற்கப்பட்டன என்பதை மறுத்தோர் எவருமிலர்.

கோர்டன் யாது செய்தார்? வரியை நீக்க அவர் உடன்படவில்லை. அதன் பக்கமே நின்றார். அவர் நாடு நீங்கிய பின்னர், ஹவலொக் தேசாதிபதியாயிருந்தபோது, 1892இலேதான் அது ஒழிக்கப்பட்டது.

இங்கேதான் மதிப்பீட்டின் மையம் உள்ளது. பீஜியில் பணவரியின் தீமையை அறிந்து விளைபொருள் வரியை வகுத்தவரும், இலங்கையில் விளைபொருள் வரி பணவரியாக மாறியதன் தீமையைக் கண்டும் அதனைத் தொடரவிட்டவரும் ஒருவரே. அறியாமையால் நேர்ந்தது என்று இதனை விளக்க இயலாது. நூலறிவாலன்றிச் செய்தறிந்த அறிவாலேயே அவர் இதனை அறிந்திருந்தார்.

அவருக்காகச் சொல்லத்தக்க சமாதானங்கள் மூன்று. முதலாவது, சட்டம் அவர் இயற்றியதன்று. முன்னையோர் விட்டுச் சென்றது. உண்மை. ஆனால் ஓராண்டு, ஈராண்டு ஆண்டவருக்கே அச்சமாதானம் பொருந்தும்; ஆறாண்டுக்கு மேல் ஆண்டவருக்கு அது பொருந்தாது. இரண்டாவது, கருவூலம் வறண்டிருந்தது. ஒரு வரியை விட்டால் மற்றொன்று வேண்டும். இதுவும் உண்மை. ஆனால் தேயிலை விரைந்து பரவிற்று. 1880இல் பத்தாயிரம் ஏக்கருக்கும் குறைவாயிருந்த தேயிலை நிலம் 1890இல் இரண்டு இலட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. கருவூலத்தின் வறுமை அவர் ஆட்சியின் தொடக்கத்துக்குரியது, முடிவுக்குரியதன்று. மூன்றாவது, தேசாதிபதியின் கை கட்டுண்டது என்பது. இது நியூசீலாந்துக்குப் பொருந்தும். 1881 நவம்பரில் மாவோரி மக்களின் பரிகாக்கா என்னும் ஊருள் அரசாங்கப் படை புகுந்தபோது, பொறுப்பாட்சி பெற்ற மந்திரிகளே அதனைச் செய்தனர். கோர்டன் அக்கொள்கையை வெறுத்தும் தடுக்க இயலாதவராய் 1882இல் பதவி துறந்தார். இலங்கையிலோ மந்திரிகள் இல்லை. சட்டநிரூபண சபையில் உத்தியோகத்தரே பெரும்பான்மையர். அவர்கள் தேசாதிபதியின் சொற்படி கைதூக்குபவர். வங்கி முறிந்தபோது இலண்டனைக் கேளாமற் செயற்படத் தெரிந்தவருக்கு, வயல் ஏலத்தை நிறுத்தத் தெரியவில்லை என்று கூறுவது எங்ஙனம்?

தமிழ் நூல்கள் அரசிறையைப் பற்றிக் கூறுவதை இவ்விடத்து நினைத்தல் தகும். பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் உரைத்த அறிவுரை யாவரும் அறிந்தது. சிறு வயலாயினும் விளைந்ததை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் யானைக்குப் பல நாளைக்கு ஆகும். யானை தானே வயலுட் புகுந்தால், உண்பதினும் மிதிப்பது மிகும். வரியின் அளவை விட வரி கொள்ளும் முறையே நாட்டை வாழ்விப்பதும் அழிப்பதும் என்பது அதன் கருத்து. பத்திலொன்று என்னும் அளவு கொடியதன்று. எத்தனையோ அரசர் அதனினும் மிகுதியாகக் கொண்டனர். விளைவையும் விளையாமையையும் பாராமல், பணமாகவே கொடு என்று கேட்டு, கொடாதவன் வயலையே விற்ற முறைதான் கொடிது.

இனி, மலைச்சரிவின் மேற்பாகத்துக்கு வருவோம். கோப்பித் தோட்டங்கள் வீழ்ந்தபோது, மாதக்கணக்காகச் சம்பளம் பெறாத தமிழ்த் தொழிலாளரின் துயர் கோர்டனின் பார்வைக்கு வந்தது. 1884ஆம் ஆண்டின் 16ஆம் கட்டளைச் சட்டம் தொழிலாளர் சம்பளத்தைத் தோட்டத்தின் மீதான முற்கடனாக்கிற்று. தோட்டம் கைமாறினும் கடன்காரர் முந்தினும் உழைத்தவனின் கூலி முதலில் நிற்கும் என்பது அதன் கொள்கை. 1889ஆம் ஆண்டின் 13ஆம் கட்டளைச் சட்டம் சம்பளத்தை மாதந்தோறும் கணக்கிட்டு, அறுபது நாளுக்குள் கொடுக்க வேண்டுமென விதித்தது. மொரிசியசில் முறையீடு கேட்ட கோர்டனை இங்குக் காண்கின்றோம். எனினும் அறுபது நாட் கடன் என்பதும் கடனே. அவ்விடைவெளியில் தொழிலாளி கண்காணியிடமும் கடைக்காரனிடமும் கைநீட்டவே வேண்டியிருந்தது. துண்டுமுறை அவ்வாறே இருந்தது. வேலைவிட்டு நீங்கினவனைச் சிறையிலிடும் விதியும் அவ்வாறே இருந்தது. இவை நீங்குவதற்கு 1921 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதனோடு மற்றொன்றையும் சேர்த்து எண்ண வேண்டும். தோட்டத் தொழிலாளி உண்டது இறக்குமதி அரிசி. அவ்வரிசிக்குத் துறைமுகத்திற் சுங்கவரி உண்டு. உள்நாட்டு நெல்லுக்கு வரி, வெளிநாட்டு அரிசிக்கு வரி என இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்வன என்பது அரசாங்கத்தார் கூற்று. அக்கூற்றைத் தலைகீழாக நோக்கினால் உண்மை விளங்கும். வெலிமடைப் பள்ளத்தாக்கில் நெல் விளைத்த சிங்கள உழவனும், அதன் மேற்சரிவில் அரிசி வாங்கி உண்ட தமிழ்த் தொழிலாளியும், மொழியும் ஊரும் வேறாயினும், ஒரே சோற்றுக்கு வரி கொடுத்தனர். 1892இல் நெல்வரி ஒழிந்தது. அரிசிச் சுங்கம் ஒழியவில்லை. உழவனுக்காகப் பேச வோலும் லெ மெசூரியரும் இருந்தனர். தொழிலாளியின் கலயத்து வரிக்காகப் பேசியோர் அருகினர்.

கோர்டன் இவ்விருவரையும் தனித்தனியே நோக்கினார், ஒருசேர நோக்கவில்லை. அவர் ஆட்சியின் அடிப்படைக் குறை இதுவே. பீஜியர் ஒரு பெட்டி, இந்தியர் ஒரு பெட்டி. கண்டியர் ஒரு பெட்டி, தோட்டத் தமிழர் ஒரு பெட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவன், ஒரு சட்டம், ஒரு காவல். 1889ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளிக்குக் கூலி உறுதி செய்தது; அதே வேளையில் அவனை 'இந்தியக் கூலி' எனச் சட்ட ஏட்டிற் பெயரிட்டு ஏனைய குடிகளிலிருந்து வேறாக்கிற்று. பின்வந்த தீமைகள் அனைத்துக்கும் அவரே காரணர் என்பது நேர்மையாகாது. 1948இல் மலைநாட்டுத் தமிழர் பிரசாவுரிமை இழந்தமைக்கும், 1987இல் பீஜியில் இந்தியர் ஆதரவோடு அமைந்த அரசாங்கம் படையாற் கவிழ்க்கப்பட்டமைக்கும் பொறுப்பேற்க வேண்டியோர் அவ்வக்காலத்தவரே. ஆயினும், நெடுங்காலம் ஒரு நாட்டில் உழைத்தவனை அந்நாட்டவன் அல்லன் என்று சொல்வதற்கு வேண்டிய சொற்களைப் பழைய சட்ட ஏடுகள் ஆயத்தமாக வைத்திருந்தன என்பது மறுக்கற்பாலதன்று.

அவர் பிற்கால வாழ்வும் இம்மதிப்பீட்டை உறுதி செய்கின்றது. ஓய்வு பெற்ற பின்னர் பசிபிக் தீவுகளில் வணிகம் செய்த கம்பனியின் தலைவரானார். அக்கம்பனியார் 1900இல் பனாபா என்னும் சிறு தீவின் பொசுபேற்று மண்ணை 999 ஆண்டுக்கு, ஆண்டொன்றுக்கு 50 பவுண் கொடுத்து அகழும் உரிமை பெற்றனர். பீஜியரின் நிலத்தை விற்கலாகாது என்று சட்டம் செய்தவரின் தலைமையில், இன்னொரு தீவினரின் நிலம் மண்ணோடு அள்ளப்பட்டது. அவர் காவல் அறத்தின் மேல் நின்றதா, அன்றி அவ்வவ்விடத்து ஆட்சி வசதியின் மேல் நின்றதா என்னும் ஐயம் இதனால் வலுப்பெறுகின்றது.

இவற்றால் கோர்டனைக் கொடுங்கோலர் என்று தள்ளுவது பொருந்தாது. காவலர் என்று கொள்வதும் பொருந்தாது. தாம் நேரிற் கண்ட துயரைத் துடைக்கும் மனமுடையவர். கருவூல ஏட்டின் வழியே வந்த துயரைக் காணாதவர். மொரிசியசில் முறையீட்டுப் பத்திரம் அவர் கையில் வந்து சேர்ந்தது. வலப்பனை உழவனின் முறையீடு பல மேசைகளைக் கடந்து, கணக்காகி, விவாதமாகி அவரை அடைந்தது. நல்லெண்ணம் உடைய ஆட்சியும், தன் நல்லெண்ணத்தைத் தானே அளந்துகொள்ளும்போது தவறுகின்றது. ஆளப்படுவோர் அளப்பதற்கு உரிமை இல்லாத இடத்தில் நல்ல தேசாதிபதி என்பதும் ஒரு தற்செயலே.

ஊவாவின் மாணவருக்கு இவ்வரலாற்றால் ஒரு கடமை உண்டு. தம் மாகாணம் உருவான ஆண்டை நினைவிற் கொள்வதோடு, அவ்வாண்டில் ஏலத்துக்கு வந்த வயலையும், அறுபது நாட் கூலிக்குக் காத்திருந்த லயத்தையும் ஒருங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும். பள்ளத்தாக்கின் வரலாறு ஒரு நூலாகவும் மலைச்சரிவின் வரலாறு வேறொரு நூலாகவும் எழுதப்படும்வரை, கோர்டன் வகுத்த பெட்டிகள் உடையமாட்டா. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதும் ஆராய்ச்சியாளர் தோன்றும் நாளிலேயே ஊவாவின் சரித்திரம் முழுமை பெறும்.